விலை ஏறுகிறதே, ஆறு மாதச் சாமானை வாங்கி அடுக்கிவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஐந்து பேர் கொண்ட குடும்பம், ஒரே சம்பளம், அது இரண்டு ஆண்டுகளாகக் கூடவில்லை. மளிகைச் செலவு மட்டும் மாதந்தோறும் கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் உங்கள் தெருக் கடையில் வழக்கமாக வாங்கும் எண்ணெய் இரண்டு வாரம் வரவே இல்லை. அடுத்த மாதம் சீட்டுப் பணம் 40,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு ஆறு மாதத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த விலையேற்றம் வந்து போகிற ஒன்றா, இல்லை இனி இப்படித்தானா? இதற்கு விடை கண்டால்தான் வாங்கி வைப்பதைப் பற்றிப் பேச முடியும்.

நான் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய் ஆகியவற்றை எந்த மாதம் எந்தச் சந்தையில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வதே என் வேலை. அங்கே படித்த பாடம் ஒன்று உண்டு. விலை எவ்வளவு ஏறியது என்பதைவிட, அந்தப் பொருள் மறுபடி விளைந்து சந்தைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதுதான் முக்கியம். பொறுத்திருப்பதா, வேறு பொருளுக்கு மாறுவதா, வாங்கி வைப்பதா என்பதை அந்த நாள் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. விலையேற்றம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறோம். ஆனால் தக்காளியின் விலையேற்றமும் தேங்காய் எண்ணெயின் விலையேற்றமும் பள்ளிக் கட்டணத்தின் விலையேற்றமும் ஒரே நோய் இல்லை. மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். நாற்று நட்டு 60, 70 நாளில் முதல் பறிப்புக்கு வந்துவிடும் பயிர். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னையில் சில ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. கோடையில் விலை கிடைக்காமல் விவசாயிகள் பலர் அடுத்த நடவைக் குறைத்ததும், வெயிலும் பருவம் தவறிய மழையும் வைரஸ் நோயும் நின்ற பயிரைக் கெடுத்ததும் காரணம். விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். செப்டம்பரில் மொத்தச் சந்தைகளில் கிலோ 10 ரூபாய்க்கும் கீழே போய், பறிகூலி கட்டாமல் சாலையோரத்தில் கொட்டினார்கள். இது ஏறக்குறைய மாறாமல் திரும்பத் திரும்ப நடக்கும் சுழற்சி. ஆகவே தக்காளி விலை ஏறினால் நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு மாதம் தக்காளியை விட்டு விலகி இருப்பது மட்டும்தான். குழம்புக்குப் புளி இருக்கிறது, பருவத்தில் மாங்காய் இருக்கிறது, ரசத்துக்கு எலுமிச்சை இருக்கிறது. தக்காளி இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பும் நம் வீடுகளில் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பெரிய வெங்காயத்துக்குச் சற்று நீளமான கணக்கு. நாசிக் பகுதியில் கோடைக்கு முன்பும் கோடையிலும் எடுக்கும் வெங்காயத்தைத்தான் சேமித்து வைத்து அக்டோபர் வரை நாடு முழுவதும் தின்கிறது. செப்டம்பரில் அந்த இருப்பு தேயும். அடுத்த பயிர் வரும் நேரத்தில் மழை கெடுத்தால் விலை பறக்கும். 2019இல் அப்படித்தான் ஆனது. செப்டம்பர் இறுதியில் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது, அப்படியும் டிசம்பரில் பல ஊர்களில் கிலோ 150 ரூபாய் வரை போனது. ஆகவே ஆவணி முதல் கார்த்திகை வரை வெங்காயத்தில் ஒரு கண் வைத்திருங்கள். ஆனால் வாங்கிக் குவிக்க வேண்டாம். வீட்டுச் சமையலறையில் அழுகிப்போகும் வெங்காயம் விலையேற்றத்தைவிட அதிக நஷ்டம் தரும்.

துவரம் பருப்பு வேறு சாதி. ஆனி, ஆடியில் விதைத்தால் மார்கழியிலிருந்து மாசி வரை அறுவடை. ஆண்டுக்கு ஒரே முறை. கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் மராத்வாடா, விதர்பா பகுதிகளில் மழை பொய்த்தால் அந்த ஆண்டு முழுவதும் பற்றாக்குறைதான். மொசாம்பிக், தான்சானியா, மலாவி, மியான்மர் நாடுகளிலிருந்து கப்பலில் வருவது ஓரளவு ஈடுகட்டும். 2015இல் கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டே விளைச்சல் பெருகி, அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே விற்றது. ஆக, பருப்பு விலை ஏறினால் இரண்டு மாதத்தில் இறங்கும் என்று காத்திருக்க முடியாது. ஓராண்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

தேங்காய் இன்னும் நீளம். பாளை வெடித்துக் காய் முற்றுவதற்கே ஏறத்தாழ ஓராண்டு. வறட்சியோ வெள்ளை ஈயோ மரத்தைத் தாக்கினால் அதன் பலன் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தெரியும். 2025இன் நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது, தீபாவளிக்குள் இறங்கிவிடும் என்று நம்பிப் பலர் காத்திருந்தார்கள். மரம் அவ்வளவு விரைவாக மீள்வதில்லை. மரப்பயிரில் விலை ஏறினால், வேறு எண்ணெய்க்கு மாறிவிடுவதே சரி.

இனி உங்கள் எண்ணெய்க்கு வருகிறேன். இந்தியா சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு ரஷ்யாவும் உக்ரைனும் முக்கியம். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரு மாதத்துக்குள், மே 23இல், அவர்களே தடையை எடுத்தார்கள். விற்க முடியாமல் தொட்டிகள் நிரம்பிவிட்டன. சில வாரங்களில் உலக விலை சரிந்தது. ஏப்ரலில் பயந்து ஓராண்டு எண்ணெயை வாங்கி அடுக்கியவர்கள் உச்ச விலையில் வாங்கியவர்கள் ஆனார்கள். இன்னொரு பக்கம், 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெய் வகைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. கடை விலை உடனே ஏறியது. 2025 மே இறுதியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. இறக்குமதிப் பொருளின் விலையை வானிலை மட்டும் முடிவு செய்வதில்லை. ஓர் அறிவிப்பு ஒரே இரவில் மாற்றிவிடும். இதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது. சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

உங்கள் கடையில் எண்ணெய் இரண்டு வாரம் வராததற்குக் காரணம் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனதுதான் என்று நான் நினைக்கவில்லை. விலை மாறப் போகிறது என்ற பேச்சு வந்தால் விநியோகஸ்தரும் கடைக்காரரும் சரக்கு இறக்குவதைத் தள்ளிப் போடுவார்கள். இறங்கப் போகிறது என்றால் கூடிய விலைக்கு எடுத்து மாட்டிக்கொள்ளப் பயம், ஏறப் போகிறது என்றால் இருப்பதை விடுவதற்குத் தயக்கம். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சரக்குதான் காணாமல் போகும். பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் அதே எண்ணெய் கிடைக்கும். அடுத்த முறை அங்கே கேட்டுப் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

இதுவரை சொன்னவை வந்து போகும் விலையேற்றங்கள். போகாமல் தங்கிவிடும் இன்னொரு வகை உண்டு. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, முடிவெட்டும் கூலி, ஓட்டலில் ஒரு காபி. இவை ஏறினால் இறங்குவதில்லை. பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் படிக்கும்போது விலை குறைந்துவிட்டதாகப் பொருள் இல்லை. ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். அந்தக் கணக்கும் உங்கள் வீட்டுக் கணக்கும் ஒன்றாக இருக்காது. பணவீக்கத்தைக் கணக்கிட அரசு பயன்படுத்திய, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் தந்த பங்கு நகர்ப்புறத்தில் சுமார் 36 சதவீதம், கிராமப்புறத்தில் சுமார் 54 சதவீதம். ஒற்றைச் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது இன்னும் கூடுதலாக இருக்கலாம். ஆகவே ‘4 சதவீதம்தானே ஏறியிருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். உங்கள் நிர்வாகத்தில் பிழை இல்லை. தங்கிவிடும் விலையேற்றத்துக்குச் சாமான் வாங்கி அடுக்குவது பதிலாகாது. வருமானம்தான் கூட வேண்டும், அல்லது ஒரு பெரிய செலவை மாற்ற வேண்டும். ஒரு கிலோ பருப்பில் மிச்சம் பிடிக்கும் பத்து ரூபாய் வாடகை உயர்வைத் தாங்காது.

இப்போது வாங்கி வைப்பது. நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய முறை இருந்தது; அது விலையைப் பார்த்துப் பயந்து செய்ததில்லை, பருவத்தைப் பார்த்துச் செய்தது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதங்கள்தான் ஆண்டுச் சாமானுக்கு உரியவை. புதுப் புளி வரும், புது வற்றல் வரும், கொத்தமல்லி வரும், ஈரோட்டில் மஞ்சள் வரும், டெல்டாவில் நெல்லறுக்கும் முன் வயலில் தெளித்த உளுந்து வரும். வரத்து அதிகம், விலை தணிவு, காயவைக்கக் கொளுத்தும் வெயில். மூன்றும் ஒன்றாகச் சேரும் காலம் ஆண்டில் வேறு இல்லை. பண்டகசாலையிலும் இதே மாதங்களில்தான் இந்தச் சரக்குகளை எடுப்போம். உங்களால் முடிந்தால் நாளிதழில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். பருப்பு, மல்லி, வற்றல், எண்ணெய் ஆகியவற்றின் மொத்த விலை அதில் இருக்கும். மொத்த விலை இறங்கி இரண்டு வாரமாகியும் உங்கள் கடையில் இறங்காவிட்டால் கடை மாற்றலாம்.

புளியை ஓடும் கொட்டையும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல் உப்பு கலந்து ஜாடியில் அடைத்தால் ஓராண்டு தாராளமாக நிற்கும். வற்றல், மல்லி, மஞ்சள் இவற்றை முறுகக் காயவைத்து ஆறிய பிறகு காற்றுப் புகாத பாத்திரத்தில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் கட்டும். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த மிளகாயையும் நிலக்கடலையையும் தயவுசெய்து தூக்கி எறிந்துவிடுங்கள். அதில் சேரும் அஃப்ளாடாக்சின் நச்சு மறுபடி காயவைத்தாலும் வறுத்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். உடைத்த பருப்பை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வண்டு விழும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவது ஓரளவு உதவும் என்பது அனுபவம். எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஈரமில்லாத தானியமும் இறுக்கமான மூடியும்தான் உறுதியான காவல். அரிசியைக் கடும் வெயிலில் போடாதீர்கள், கீறல் விட்டுச் சமைக்கும்போது நொறுங்கும். நிழலில் உலர்த்தினால் போதும். எண்ணெய், கோதுமை மாவு, ரவை, அரைத்த பொடிகள், இவை நீண்ட நாள் சேமிப்புக்கு ஆகாதவை. எண்ணெயில் காறல் வாடை வந்தால் வாங்கிய விலை மொத்தமும் வீண்.

வாங்கிக் குவிப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஒரு தெருக்கடை நூறு வீட்டுக்கு எண்ணெய் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முப்பது வீடுகள் ஒரே வாரத்தில் மூன்று மாத எண்ணெயைத் தூக்கினால், அந்த மாதத்துக்கென்று கடையில் இருந்தது கிட்டத்தட்ட முடிந்துவிடும். எஞ்சிய எழுபது வீட்டில் அன்றாடக் கூலியில் வாங்குபவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புவார்கள். 2016 நவம்பரில் உப்புத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பரவியது. சில இடங்களில் கிலோ 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து உப்பு வாங்கினார்கள். குஜராத்திலும் நம் தூத்துக்குடியிலும் உப்பளங்கள் நிறைந்து கிடந்த நாடு இது. இல்லாத பஞ்சத்தை வாங்கும் கைகளே உண்டாக்கின. நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் என்று சொல்லவில்லை; பயம் எல்லோரையும் அங்கே தள்ளும் என்பதால் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் 40,000 ரூபாய்க்கு என் பதில் இது. ஐந்து பேருக்கு ஓராண்டுப் புளி பத்துக் கிலோ, வற்றல் நான்கைந்து கிலோ, மல்லி ஐந்தாறு கிலோ, மஞ்சள் ஒரு கிலோ, உடைக்காத தோல் உளுந்து பத்து முதல் பன்னிரண்டு கிலோ. இவற்றைப் பருவத்தில் வாங்குங்கள். அரிசியும் துவரம் பருப்பும் எப்போதும் இரண்டு மாதத்துக்கு இருக்கட்டும், எண்ணெய் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். இதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பத்தாயிரத்துக்குள் அடங்கும். ஊரையும் ரகத்தையும் பொறுத்து இரண்டாயிரம் முன்பின் ஆகலாம். மீதியைச் சாமானில் போட வேண்டாம். உங்களுக்கு வட்டிக் கடன் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் அது ஆண்டுக்கு 24 சதவீதம். ஆறு மாதப் பருப்பை முன்கூட்டி வாங்கி மிச்சப்படுத்துவது பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதிகூட வராது. சில ஆண்டுகளில் நஷ்டமே வரும். முதலில் அந்தக் கடனை அடையுங்கள். கடன் இல்லையென்றால் பணத்தை வங்கியில் வையுங்கள். விலை ஏறும் மாதத்தில் நகையை அடகு வைக்காமல் தப்பிக்க அந்த முப்பதாயிரம்தான் கைகொடுக்கும். மளிகைக்காக நகை அடகுக் கடைக்குப் போனால் திரும்பி வருவது கடினம் என்பதை நிறையக் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

செலவைக் குறைக்கும்போது எதைக் குறைப்பது என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை. விலை ஏறினால் நம் வீடுகளில் முதலில் விழுவது பருப்பு, முட்டை, பால், கீரை. அரிசி அப்படியே இருக்கும், வயிறு நிரம்பும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் குறைவையும் எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில்தான் அது முழுவதும் விழுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஏற்கெனவே இந்த நிலையில் இருக்கும் வீட்டில் பருப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது. குறைக்க வேண்டுமானால் எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட், பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம் ஆகியவற்றில் குறையுங்கள். உணவியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய். உங்கள் ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். பல வீடுகளில் இதைப் போல் இரண்டு மடங்கு செலவாகிறது.

துவரை விலை ஏறிய ஆண்டுக்கு ஏற்பாடு சொல்வதாகச் சொன்னேன். சாம்பாரில் பாதித் துவரை, பாதிப் பாசிப்பருப்பு அல்லது மைசூர்ப் பருப்பு போட்டுப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் நாக்கு பழகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை என்று குழம்பு வையுங்கள். இவற்றிலும் நூறு கிராமுக்கு இருபது கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, துவரையைவிடக் குறைச்சல் இல்லை. எல்லாப் பருப்பும் ஒரே ஆண்டில் ஏறுவது அரிது. ஒன்று ஏறும்போது இன்னொன்று தாழ்ந்திருக்கும். முட்டை சைவ வீட்டுக்குப் பொருந்தாது, மற்றவர்களுக்கு விலைக்கு ஏற்ற சத்து அதைப்போல் வேறொன்றில் கிடைப்பது கடினம். முருங்கைக்கீரை வீட்டருகே கிடைத்தால் விடாதீர்கள். சிறுதானியம் மலிவு என்று பலர் சொல்கிறார்கள். கம்பும் கேழ்வரகும் உண்மையில் மலிவு, சாமையும் குதிரைவாலியும் தீட்டிப் பொட்டலத்தில் வரும்போது அரிசியைவிட விலை கூடுதல்.

பொட்டலங்களில் ஒரு கண் வேண்டும். விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். கடையில் அடுக்கியிருக்கும் பைகளில் சில 850, 800, 750 கிராம்தான் இருக்கும். பை ஒரே பருமனாகத் தெரியும். ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் இப்போது பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். அரிசி மூட்டை 26 கிலோவாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதைத் தவிர்க்கத்தான் 26 கிலோ. உங்கள் குடும்பத்துக்கு 26 கிலோ மூட்டையே லாபம். ஐந்து கிலோ, பத்துக் கிலோ பையில் வரியையும் பையின் விலையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

ரேஷன் அட்டை இருந்தால் கிலோ 30 ரூபாய் துவரம் பருப்பையும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலையும் ஒரு மாதம்கூட விடாதீர்கள். சில மாதங்களில் தாமதமாக வரும். இருமுறை நடக்க நேர்ந்தாலும் வெளிச்சந்தை விலையோடு பார்த்தால் அந்த நடை வீண்போகாது. இலவச அரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லையென்றால் இட்லி மாவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மாவரிசிச் செலவு மொத்தமும் மிச்சம். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காய்கறிக்கு அங்கே போங்கள். அங்கே அன்றைய விலையை அலுவலர்கள் பலகையில் எழுதுகிறார்கள், சில்லறைக் கடையைவிடக் குறைவாக வைப்பதே அதன் நோக்கம்.

இனி உண்மையான தட்டுப்பாடு. இரண்டு விதம் பார்த்திருக்கிறோம். ஒன்று, 2015 டிசம்பர் வெள்ளம்போல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்போலப் போக்குவரத்து அறுந்து நான்கைந்து நாள் ஒன்றும் வராமல் போவது. சென்னையில் பால் இரட்டிப்பு விலைக்கும் அதற்கு மேலும் விற்றது. இதற்கு வேண்டியது ஆறு மாதச் சாமான் இல்லை. ஐப்பசி தொடங்கும் முன் ஒரு வாரத்துக்குக் குடிநீர், பால்பவுடர், அவல், பொட்டுக்கடலை, மெழுகுவத்தி, மாற்று எரிவாயு உருளை. இன்னொன்று, இலங்கையில் 2022இல் நடந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2021இல் ரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்ததில் நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது இரண்டே மாதங்களில் 360 ஆனது. செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டில் பணவீக்கம் 70 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தையும் நெருங்கியது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசை. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. அப்படி நாணயமே சரியும் காலத்தில் கையில் இருக்கும் பணத்தைப் பொருளாக்கியவர்கள்தான் பிழைத்தார்கள். நான் மேலே சொன்ன அறிவுரை அங்கே செல்லாது. அங்கேயும் பெட்ரோல் வரிசை குறைந்தது ஆளாளுக்கு வாங்கிக் குவித்ததால் நடக்கவில்லை. ஜூலையில் க்யூஆர் அட்டை மூலம் வண்டிக்கு வாரம் இவ்வளவு எரிபொருள் என்று அளந்து கொடுக்கத் தொடங்கிய பிறகே நடந்தது.

அந்த நிலை இங்கே வருமா என்பது உங்கள் மனதில் இருக்கலாம். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்: இந்தியா உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு; 2023 ஜூலையில் உள்நாட்டு விலைக்குப் பயந்து பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தும் வசதி அதற்கு இருந்தது, 2024 செப்டம்பரில் மறுபடி திறந்தது. ஆகவே அரிசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. எண்ணெய், எரிவாயு, ஓரளவு பருப்பு ஆகியவற்றுக்கு நாம் வெளிநாட்டை நம்பியிருக்கிறோம். போரோ கப்பல் வழித் தடையோ வந்தால் இவை மூன்றும் ஏறும். எப்போது, எவ்வளவு என்பது கணிக்க முடியாதது. எண்ணெயைக் குறைவாகப் புழங்கப் பழகிய வீட்டுக்கும், மின்சார அடுப்பு ஒன்று கூடுதலாக வைத்திருக்கும் வீட்டுக்கும் அந்த அடி மெல்ல விழும்.

உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எந்தப் பருப்பு, எவ்வளவு அரிசி என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அது என் துறை இல்லை. மருந்து விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லலாம். எதை வாங்கி வைக்காவிட்டாலும் அவருடைய மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும், காலாவதித் தேதி பார்த்துப் பழையதை முதலில் எடுங்கள். அதே மருந்து, நிறுவனப் பெயர் இல்லாமல் மூலப்பெயரில், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று மருத்துவர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். இன்சுலின் என்றால் அதிகம் வாங்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து அது, நீண்ட மின்வெட்டில் கெட்டுப்போகும்.